நீலகிரி தேயில எஸ்டேட் ஊரான சேரம்பாடியில, 'சேரம்பாடி சொந்தங்கள்' வாட்ஸ்அப் குரூப்புல நேத்து ராத்திரி

விஜயா: எல்லாருக்கும் வணக்கம். கவிதாவுக்கு டாக்டர் மேற்படிப்பு (பிஜி) கவுன்சிலிங் ஆரம்பிச்சிருச்சு. டெபாசிட் 2 லட்சம் கட்டணுமாம் நாளன்னைக்குள்ள. யாராவது ஒரு மூணு மாசத்துக்கு குடுத்தா போதும் திருப்பி குடுத்துடுறோம். இவங்க அப்பாகிட்ட கேக்க முடியல, ஃபேக்டரியில போனஸ் இன்னும் போடல

சுதா சித்தி: இப்பவா அக்கா 😟

சுதா சித்தி: போன வாரந்தான் சீட்டு எடுத்து ஸ்கூல் ஃபீஸ் கட்டுனோம்

பெரியப்பா: *அவசரம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இனி இந்தியாவில் மேற்படிப்பு கிடையாது. பெற்றோர்கள் ஏமாற வேண்டாம். அனைவருக்கும் பகிரவும்*

பெரியப்பா: இத பாத்தீங்களா யாராவது

விஜயா: ஐயோ அத்தான் அப்படியா

செல்வம் மாமா: நான் அன்னைக்கே சொன்னேன். ஜார்ஜியா வேணாம், இங்கயே நர்சிங் போடுங்கன்னு. என் பேச்ச யாரு கேட்டா

விஜயா: தம்பி இப்ப அது வேணாம்

செல்வம் மாமா: இல்லக்கா மூணு லட்சம் நானும் குடுத்திருக்கேன். கேக்குறதுக்கு உரிமை இருக்குல்ல

பிரபு: ஃபேக்டரி ரோட்ல ரெண்டு ஆனை நிக்குது. மேல் லயன்காரங்க யாரும் வெளிய வராதீங்க

சுதா சித்தி: குட்டி இருக்கா?

பிரபு: தெரியல இருட்டு. கரண்ட் வேற இல்ல

கவிதா: அம்மா ஏன் என்கிட்ட கேக்காம குரூப்ல போட்டீங்க 😔 எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க, பெருசா இருக்கும் ஆனா ஒரே தடவை சொல்லிடுறேன். பெரியப்பா அந்த ஃபார்வர்ட் பொய். வெளிநாட்டுல எம்பிபிஎஸ் முடிச்சவங்க இங்க வந்து எஃப்எம்ஜிஇன்னு ஒரு தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும், 300 கேள்வி 150 சரியா போடணும், பத்து பேர் எழுதுனா ரெண்டு மூணு பேர் தான் தேறுவாங்க, நான் முதல் தடவை 141ல நின்னுட்டேன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், ரெண்டாவது தடவை பாஸ். அப்புறம் கோயம்புத்தூர்ல ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் முடிச்சு மெடிக்கல் கவுன்சில்ல ரிஜிஸ்டர் ஆயிட்டேன். அதுக்கப்புறம் இங்க படிச்சவங்களுக்கும் எனக்கும் நீட் பிஜியில, அதாவது மேற்படிப்பு நுழைவுத் தேர்வுல, ஒரு வித்தியாசமும் இல்ல. அதே 200 கேள்வி, அதே 800 மார்க், அதே ரேங்க் லிஸ்ட். ஆகஸ்ட் 3 எழுதுனேனே அதுல ரெண்டு லட்சம் பேருக்கு மேல எழுதுனாங்க. அந்த லிஸ்ட்ல யாரு எங்க படிச்சாங்கன்னு தனியா போட மாட்டாங்க

பெரியப்பா: அப்ப இந்த செய்தி எப்படி வந்துச்சு

கவிதா: யாரோ எழுதி விட்டது பெரியப்பா. தேதி கூட இல்ல பாருங்க

பெரியப்பா: சரி

சுதா சித்தி: சூப்பர் டா தங்கம் 👏

செல்வம் மாமா: அப்ப 2 லட்சம் எதுக்கு

கவிதா: அது அம்மா தப்பா புரிஞ்சுகிட்டாங்க மாமா. 2 லட்சம் டெபாசிட் டீம்டு யுனிவர்சிட்டி (நிகர்நிலை பல்கலைக்கழகம்) கேக்குறவங்களுக்கு மட்டும். அதுல ரிஜிஸ்ட்ரேஷனே 5000. அங்க சீட் கிடைச்சாலும் வருஷா வருஷம் லட்சக்கணக்குல ஃபீஸ், நம்மளால ஆகாது. நான் ஆல் இந்தியா கோட்டா, அதாவது கவர்மெண்ட் காலேஜ்ல எல்லா மாநிலத்துக்காரங்களுக்கும் ஒதுக்குன சீட்டு மட்டும் தான் போடுறேன், அதுக்கு ஓபிசிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் 500, டெபாசிட் 10,000. அது என்கிட்டயே இருக்கு, இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட்ல மிச்சம் வச்சது. யாரும் எங்கயும் கடன் வாங்க வேணாம் ப்ளீஸ்

விஜயா: ஸ்கிரீன்ல 2,00,000ன்னு இருந்துச்சே பாப்பா

கவிதா: அது பக்கத்து கட்டத்துல டீம்டுக்கு போட்டிருந்தது மா

சுதா சித்தி: 😂 அக்கா கட்டம் மாத்தி படிச்சிருக்கீங்க

செல்வம் மாமா: இல்ல நான் சொல்றத கேளு. டீம்டுல ஸ்கின் டாக்டர் சீட்டு கிடைக்கும்னு எங்க கம்பெனி முதலாளி சொல்றாரு. அவர் பொண்ணு அப்படித்தான் போச்சு. ஸ்கின் டாக்டர்னா ராத்திரி ட்யூட்டி இல்ல, திருப்பூர்லயே க்ளினிக் போட்டுடலாம். எடம் நான் பாக்குறேன். லோன் போட்டுக்கலாம்

பிரபு: மாமா அவர் பனியன் கம்பெனி முதலாளி, நாம அங்க பனியன் தைக்கிறவங்க

செல்வம் மாமா: நீ ஜீப்ப பாத்து ஓட்டு டா

கவிதா: மாமா உங்க மூணு லட்சத்த நான் மறக்கல, முதல் சம்பளத்துல இருந்து குடுக்க ஆரம்பிப்பேன். ஆனா ஸ்கின் வேணாம். நான் அனஸ்தீசியா தான் முதல்ல போடப்போறேன். எம்டி கிடைச்சா எம்டி. இல்லன்னா டிஎன்பின்னு ஆஸ்பத்திரியில இருந்து படிக்கிற படிப்பு, அதுவும் மூணு வருஷம், எம்டிக்கு சமம், வருஷத்துக்கு ஒன்னேகால் லட்சத்தை ஒட்டி ஃபீஸ், ஆனா மாசம் ஸ்டைபண்ட் வரும். அதுவும் வரலன்னா ரெண்டு வருஷ டிப்ளமோ இருக்கு, அதுவும் இதே நீட் பிஜி மார்க்க வச்சு இதே கவுன்சிலிங்ல தான்

சுதா சித்தி: அனஸ்தீசியான்னா மயக்க ஊசி போடுறதா?

கவிதா: ஆமா சித்தி

செல்வம் மாமா: ஆறு வருஷம் ஜார்ஜியால படிச்சு மயக்க ஊசி போடவா?

பெரியப்பா: லேடீஸ் டாக்டர் படிச்சா ஊருக்கு நல்லதுல்ல. மயக்க டாக்டர யாருக்கு தெரியும். பேர் கூட போர்டுல வராது

பிரபு: ஆனை கீழ டிவிஷன் பக்கம் இறங்குது. சுதா சித்தி உங்க வாழை போச்சு

சுதா சித்தி: அய்யய்யோ

சுதா சித்தி: ஃபாரஸ்ட்காரங்களுக்கு போன் பண்ணியா

பிரபு: பண்ணிட்டேன். பந்தலூர்ல இருந்து வந்துட்டு இருக்காங்க

சுதா சித்தி: நானும் சின்னவனும் அடுப்படியில உக்காந்துருக்கோம். தகரம் தட்டலாமா வேணாமா

பிரபு: தட்டாதீங்க. சும்மா இருங்க அது போயிடும்

கவிதா: சித்தி பத்திரம்

கவிதா: பெரியப்பா, லேடீஸ் டாக்டர் இருந்தா மட்டும் போதாது. இன்டர்ன்ஷிப்ல நான் பாத்தத சொல்றேன். சிசேரியன்னு முடிவு பண்ணிட்டா கத்தி எடுக்குறதுக்கு முன்னாடி அந்த அக்காவ டேபிள் ஓரத்துல உக்கார வச்சு, தலகாணிய கட்டிப் பிடிச்சு முதுக வளைக்கச் சொல்வாங்க. சிஸ்டர் தோள அழுத்தி பிடிச்சுக்குவாங்க. கீழ் முதுகு எலும்புக்கு நடுவுல மெல்லிசா ஒரு ஊசி, உள்ள போனதும் தண்ணி மாதிரி ஒரு சொட்டு வெளிய வரும், அது வந்தா தான் சரியான எடம். ரெண்டு மில்லி மருந்து. கொஞ்ச நேரத்துல 'கால் கனக்குது டாக்டர்'னு அவங்களே சொல்வாங்க. அப்ப பிரஷர் சட்டுனு இறங்கும், அத பாத்துகிட்டே இருக்கணும், ஆபரேஷன் முடியுற வரைக்கும் தலைமாட்டுல ஒருத்தர் நிக்கணும். அந்த ஒருத்தர் இல்லன்னா லேடீஸ் டாக்டர் கைய கட்டிகிட்டு நிக்கணும், வண்டிய ஊட்டிக்கு அனுப்பணும். நம்ம ஊர்ல இருந்து ஊட்டி எவ்வளவு தூரம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா

கவிதா: 2009ல நான் அஞ்சாங்கிளாஸ். ராணி அத்தைய கம்பளியில சுத்தி தூக்கிட்டு போனத வாசல்ல நின்னு பாத்தேன்

விஜயா: கவிதா அதெல்லாம் எதுக்கு இங்க

சுதா சித்தி: 🙏

பெரியப்பா: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

ராணி அத்தை: பேசட்டும் அண்ணி

ராணி அத்தை: மயக்க டாக்டர் லீவுன்னு தான் சொன்னாங்க. லேடி டாக்டர் இருந்தாங்க, பக்கத்துல நின்னு என் கைய பிடிச்சுகிட்டு அழுதாங்க அந்தம்மா. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். நடுவட்டம் ஏறும்போதே அசைவு நின்னு போச்சு. ஊட்டி போய் சேர்ந்தப்ப விடிஞ்சிருச்சு

ராணி அத்தை: இருந்திருந்தா அவனும் இப்ப ப்ளஸ் ஒன் போயிருப்பான்

ராணி அத்தை: வண்டிக்கே ரெண்டு மணி நேரம் காத்து கெடந்தோம் அன்னைக்கு. வாசல்ல ஜீப் நின்னுச்சு. அத நான் இப்ப பேசல

பிரபு: அத்தை

செல்வம் மாமா: 🙏 மன்னிச்சுக்கமா கவிதா எனக்கு இந்த விவரம் தெரியாது

செல்வம் மாமா: சரி நீ சொல்றதயே போடு. ஆனா லிஸ்ட்ல கடைசியா ஒரு ஸ்கின்னும் போட்டு வை

கவிதா: மாமா என் ரேங்க்குக்கு ஆல் இந்தியா கோட்டால அது கனவுல கூட வராது 🙂

விஜயா: வேற மாநிலம் கிடைச்சா எப்படி பாப்பா. பீகார் ராஜஸ்தான்னு போனா சாப்பாடு பாஷை எல்லாம்

கவிதா: அம்மா ஜார்ஜியா தலைநகரம் திபிலிசியில ஆறு வருஷம் இருந்தேன். நோயாளிகிட்ட ஜார்ஜியன்ல வலி எங்கன்னு கேட்டேன். இந்தி பேச மாட்டேனா? அங்க படிச்சதுல எனக்கு இருந்த ஒரே குறை, பாம்புக்கடி டெங்கு மாதிரி நம்ம ஊர் நோய் எதையும் கண்ணால பாக்கல, புஸ்தகத்துல தான். அதனால தான் முதல் தடவை எஃப்எம்ஜிஇ போச்சு. இந்தியாவுல எங்க கிடைச்சாலும் நம்ம நோயாளிங்க தான். அதோட முதல் ரவுண்ட்ல கிடைச்ச சீட்டுக்கு போகலன்னா காசு போகாது, ரெண்டாவது ரவுண்ட்ல இருந்து தான் போகலன்னா டெபாசிட் போகும். அதனால முதல் ரவுண்ட்ல தைரியமா போடலாம். கீழ்ப்பாக்கம் செலக்ஷன் கமிட்டி நடத்துற ஸ்டேட் கவுன்சிலிங்கும் தனியா இருக்கு

பிரபு: எதுவும் வரலன்னா?

கவிதா: கவர்மெண்ட் டாக்டர் வேலைக்கான எம்ஆர்பி பரீட்சை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போவேன் அண்ணா. சர்வீஸ்ல இருக்குறவங்களுக்கு ஸ்டேட் கோட்டால கவர்மெண்ட் காலேஜ் பிஜி சீட்டுல பாதி இருக்கு. அந்த வழியா வருவேன். நேரமாகும் ஆனா வருவேன்

சுதா சித்தி: கல்யாணம்?

விஜயா: அதயும் கேளு சுதா, என்கிட்ட பதிலே சொல்ல மாட்டேங்குறா

கவிதா: சித்தி ஆனை போயிடுச்சா?

பிரபு: 😂😂

சுதா சித்தி: போயிடுச்சு. மூணு வாழை காலி. தார் விட்டது அது ஒன்னுதான்

கவிதா: ஒரே ஒரு உதவி தான் எனக்கு வேணும். காசு இல்ல. ஓபிசி சர்டிபிகேட் சென்ட்ரல் ஃபார்ம்ல வேணும், என்கிட்ட இருக்குறது பழைய ஸ்டேட் பிசி சர்டிபிகேட். பந்தலூர் தாலுகா ஆபீஸ்ல போன வாரம் கேட்டதுக்கு தாயகம் திரும்பின குடும்பம்னா தாத்தாவோட சிலோன் குடும்ப அட்டை ஒரிஜினல் காட்டுங்கன்னு சொல்றாங்க. கண்டியில குடுத்தது, தாத்தா பாட்டி எல்லாரோட பேரும் அதுல இருக்கு. அப்பா படிச்ச சர்டிபிகேட் காட்டுனேன், பத்தாதாம்

விஜயா: அது அத்தான்கிட்ட இருக்கு

பெரியப்பா: இருக்கு. ஆனா ஒரிஜினல் வெளிய குடுக்க மாட்டேன். போன தடவை பட்டாவுக்கு வாங்கிட்டு போனவங்க எட்டு மாசம் கழிச்சு குடுத்தாங்க, ஓரமெல்லாம் கிழிஞ்சு. அப்பா தலைமன்னார்ல கப்பல் ஏறும்போது சட்டைக்குள்ள வச்சு கொண்டாந்தது அது

விஜயா: அத்தான் அது கவிதா அப்பா வேணும்னு பண்ணல

பெரியப்பா: நான் யாரையும் சொல்லல

செல்வம் மாமா: கலர் ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி பண்ணா ஒத்துக்க மாட்டாங்களா

கவிதா: கேட்டேன் மாமா, ஒரிஜினல் பாத்தே ஆகணுமாம். பெரியப்பா நீங்களே கூட வாங்க, உங்க கையிலயே வச்சுகிட்டு காட்டிட்டு நீங்களே எடுத்துட்டு போயிடுங்க. நான் தொடக்கூட மாட்டேன்

பிரபு: நாளைக்கு காலைல ஜீப்ல கூட்டிட்டு போறேன்

பெரியப்பா: நாளைக்கு தேயில ஏத்துற வண்டி வர்ற நாள்

பிரபு: அப்பா

ராணி அத்தை: அண்ணே

சுதா சித்தி: கரண்ட் வந்துருச்சு

சுதா சித்தி: திரும்ப போயிடுச்சு

விஜயா: பாப்பா காலேஜ் வரிசைய போட்டு சாய்ஸ் லாக் பண்றது எப்ப முடியுது

கவிதா: நாளன்னைக்கு ராத்திரி. லாக் பண்ண மறந்தாலும் அதுவே லாக் ஆயிடும், ஆனா வரிசை சரியா இருக்கணும். இன்னைக்கு உக்காந்து போடுறேன். சிக்னல் வந்து வந்து போகுது, மேல டேங்க் பக்கம் போனா தான் வரும்

பிரபு: டேங்க் பக்கம் போகாதே. ஆனை அந்தப் பக்கம் தான் ஏறிருக்கு. காலைல போட்டுக்கலாம்

செல்வம் மாமா: ஸ்கின் ஒன்னு போட்டு வை மா

பெரியப்பா: ட்ரங்கு பெட்டி சாவிய காணோம். தேடிட்டு இருக்கேன். பிரபு எட்டு மணிக்கு வண்டிய எடு

பிரபு: 👍

ராணி அத்தை: நானும் வரேன் பந்தலூருக்கு