கசிவு அலாரத்தை மியூட் செய்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஆலையில் வாயுக் கசிவு அலாரம் அடிக்கடி பொய்யாக அடிக்கிறது. ஷிப்ட் ஆட்கள் மியூட் செய்துவிடுகிறார்கள். மேலாளருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: போபாலைச் சொல்லுங்கள். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த இரவில் தொட்டியின் குளிரூட்டும் அமைப்பு ஓடவில்லை. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாயும் கழற்றிக் கிடந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம்தான், சேர்ந்தபோதுதான் பேரழிவு.

இன்னொரு பதில்: நான் ஷிப்ட் பொறுப்பாளர். ஷிப்ட் மாறும் நேரத்தைத்தான் பயந்து பார்ப்பேன். 1988இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிய தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. பம்பை ஓட்டினார்கள், வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்துபோனார்கள். மியூட் செய்த ஒவ்வொரு அலாரத்தையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஷிப்ட் படித்துக் கையெழுத்துப் போடட்டும்.

கேட்டவர்: சரி, இன்றைக்கே தொடங்குகிறேன். சென்சாரை மாற்றவும் எழுதிக் கொடுக்கிறேன்.

பொறுப்பாளர்: தேதி போட்டுக் கொடுங்கள். மாற்றும்வரை கையடக்க டிடெக்டரோடு ஒருவர் சுற்றிவரட்டும்.