வருமான வரி விவரத்திரட்டு: மென்பொருளா, வரி ஆலோசகரா?

கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் நான் 2025/2026 மதிப்பீட்டு ஆண்டுக்கான விவரத்திரட்டை நவம்பர் 30ஆம் திகதிக்கு முன் முதன்முறையாகச் சமர்ப்பிக்க வேண்டியுள்ளது. சம்பளம் மட்டுமென்றால் இங்கு எழுதியிருக்க மாட்டேன். தெஹிவளை வீட்டிலிருந்து மாதம் 45,000 ரூபா வாடகையும், சிங்கப்பூர் நிறுவனமொன்றுக்குச் செய்த வடிவமைப்பு வேலைக்கு, செலவுகள் போக, ஏறத்தாழ 9 இலட்சம் ரூபாவும் வந்துள்ளன. அப்பணம் முழுவதும் டொலரில் என் வங்கிக் கணக்குக்கே வந்தது.

தொலைபேசிச் செயலியொன்றில் கணக்கிட்டபோது, அது 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணத்தையும் வாடகைக்கான 25 வீத நிவாரணத்தையும் சரியாகக் கழித்தாலும், வெளிநாட்டு வருமானத்துக்குரிய 15 வீத வரி உச்சவரம்பைக் கவனிக்காமல் சாதாரண வீதங்களையே இட்டது. நான் கையால் போட்ட கணக்குக்கும் அதற்கும் 60,000 ரூபா வித்தியாசம். எக்செல் தாளில் மூன்று இரவுகள் சரிபார்த்தும் என் கணக்கே சரியெனத் தோன்றுகிறது. ஆனால் கையொப்பமிடுபவன் நான் என்பதால் ‘தோன்றுகிறது’ போதாது.

வரி ஆலோசகர்கள் இருவரிடம் விசாரித்தேன். ஒருவர் 35,000 ரூபா கேட்டார். மற்றவர் கட்டணத்தைச் சொல்லுமுன்பே என் இணைய வரிக் கணக்கின் கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னதால் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். தொழில்தருநர் தந்த வரிக்கழிப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கூற்றுகள் யாவும் கைவசம் உள்ளன.

சம்பளம், வாடகை, வெளிநாட்டு வருமானம் மூன்றும் உள்ள ஒருவர், இந்த முதல் ஆண்டுக்கு மட்டுமாவது 35,000 ரூபா கொடுத்து ஆலோசகரிடம் ஒப்படைப்பது தகுமா, அல்லது இணையத்தில் தாமாகவே சமர்ப்பித்துவிடலாமா?