கன்டெய்னருக்குள் என்எஸ்என்டர் வழியாகப் போனால் பெயரை மட்டும் ஐபி முகவரியாக மாற்ற முடியவில்லை, உதவி வேண்டும்

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் சின்ன ஆபீஸ் எங்களுடையது, கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு பில்லிங் சர்வரை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். உபுண்டு லினக்ஸ், மேலே டாக்கர் (ஆப்களைத் தனித்தனி கன்டெய்னர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்). ஆப் கன்டெய்னரில் கமாண்ட் கொடுக்க ஷெல்லும் இல்லை, இணைப்பைச் சோதிக்க கர்லும் இல்லை, அதனால் டாக்கர் எக்ஸெக் (கன்டெய்னருக்குள் கமாண்ட் ஓட்டும் வசதி) போட்டு ஒன்றும் செய்ய முடியாது. சரி என்று ஹோஸ்டிலிருந்தே (கன்டெய்னர்கள் ஓடும் சர்வர்) என்எஸ்என்டர் கமாண்டில் அந்த ஆப் பிராசஸின் பிஐடியைக் (அடையாள எண்) கொடுத்து, நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் (கன்டெய்னரின் தனி நெட்வொர்க்) மட்டும் நுழைந்து, ஹோஸ்டில் இருக்கும் கர்லை ஓட்டுகிறேன். ஐபி முகவரி கொடுத்தால் டேட்டாபேஸ் கன்டெய்னரின் போர்ட்டில் இணைப்பு கிடைக்கிறது, பெயரைக் கொடுத்தால் கிடைப்பதில்லை.

காரணம் ஓரளவு புரிகிறது. மவுன்ட் நேம்ஸ்பேஸ் (எந்தக் கோப்புகள் கண்ணில் படும் என்பது) மாறாததால், எந்த டிஎன்எஸ் சர்வரிடம் பெயரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்டின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத்தான் கர்ல் படிக்கிறது. அதில் இருப்பது 127.0.0.53, ஆனால் கன்டெய்னரின் லூப்பேக் (தனக்குள்ளேயே பேசும் நெட்வொர்க்) வேறு, அங்கே அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை. டாக்கரின் டிஎன்எஸ் 127.0.0.11. பெயருக்கு ஐபி கேட்கும் டிக் கமாண்டில் அதைக் குறிப்பிட்டுக் கேட்டால் உடனே பதில் வருகிறது! மவுன்ட் நேம்ஸ்பேஸையும் சேர்த்து நுழைந்தால் ஹோஸ்டின் கர்லே கண்ணில் படாது, அது வேறு தொல்லை.

உள்ளே போனபின் அன்ஷேர் கமாண்ட் மூலம் தனி மவுன்ட் நேம்ஸ்பேஸ் உருவாக்கி, வேறொரு ரிசால்வ்.கான்ஃபை ஹோஸ்டின் கோப்புக்கு மேல் பைண்ட் மவுன்ட் செய்யலாம் (அதன் இடத்தில் இது தெரியும்படி வைப்பது) என்று நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், கடைக்காரர் விடிகாலையிலேயே பில் போட ஆரம்பித்துவிடுவார், அதனால் கை வைக்கத் தயக்கம். இப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இல்லை, ஐபி நெட்என்எஸ் எக்ஸெக் கமாண்டும் (ஒரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் கமாண்ட் ஓட்டுவது), அதற்கான தனி ரிசால்வ்.கான்ஃபை வைக்கும் ஈடிசி நெட்என்எஸ் ஃபோல்டரும்தான் இதற்குச் சுலபமான வழியா? முழு கமாண்டையும் போட்டால் புண்ணியமாகப் போகும்.