40,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர் செட்: எங்கே ஏமாந்தோம், எதில் தேறினோம்?

நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு இதில் இரண்டு அனுபவம் உண்டு.

முதல் செட்டை 2019இல் திருநெல்வேலியில் ஒரு கடையில் வாங்கினேன், 18,000 ரூபாய். ‘ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். மூன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த ஐ7 பிராசஸர், 2011இல் வந்த ஐ7-2600. கார்டு, ஜிடி 730. அதில் 4 ஜிபி இருந்து என்ன பயன்? சிப் மிகச் சிறியது, மெமரியோ பழைய டிடிஆர்3. பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு விரல் தடிமனில் குழாய் வைத்த கதை. ஜிடிஏ 5இல் எல்லா செட்டிங்கையும் கீழே இறக்கியும் காரை வேகமாக ஓட்டினால் படம் விட்டு விட்டுத்தான் நகர்ந்தது.

ஏழாவது மாதம், கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரத்தில், செட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். ‘பட்’டென்று வெடித்தது. மதர்போர்டும் அதோடு போயிற்று. கேபினட்டோடு சும்மா சேர்த்துக் கொடுத்த எஸ்.எம்.பி.எஸ். அது. மேலே 450 வாட்ஸ் என்று இருந்தது, கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை. கடையில் கொடுத்தது துண்டுச்சீட்டு, அதனால் வாரண்டி கேட்கவும் வழியில்லை. சேர்த்து வைத்த பணம் அத்தனையும் போன அந்த இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அப்புறம் நான்கு வருடம் கழித்து, 2023இல் கையில் 40,000 சேர்ந்தது. இந்த முறை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கே போனேன். முதலில் ஏறிய கடையில், இப்போதைக்குத் தனி கார்டு வேண்டாம் என்றதும், “தம்பி, இதே காசுக்கு கிராபிக்ஸ் கார்டோட செட்டே தர்றேன், நீ ஏன் கார்டே இல்லாம வாங்குற?” என்றார் அண்ணாச்சி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் காட்டிய பழைய ஐ5 போர்டில் அதற்கு மேல் ஏற்றுவதற்கு ஒன்றும் கிடையாது, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அதே டப்பா வகை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வேறு கடையில் ரைசன் 5 5600ஜி பிராசஸர் வாங்கினேன், 11,500. உள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு இல்லாமலே வாலரண்ட், சிஎஸ் மாதிரி ஆட்டங்கள் தாராளமாக ஓடும். பி450 மதர்போர்டு 6,300. (அதில் பயாஸ், அதாவது போர்டை முதலில் எழுப்பும் மென்பொருள், பழையதாக இருந்தால் 5600ஜி போட்டாலும் திரையில் ஒன்றும் வராது. கடையிலேயே அப்டேட் செய்து, ஆன் ஆவதைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.) நல்ல 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். 3,900. மீதியில் 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க், கேபினட், ராம், மானிட்டர். ஜிஎஸ்டி பில்லோடு 40,000க்குச் சற்று மேலே போனது.

ராம் விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகத் தர வந்தார்கள், நான் 8 ஜிபி இரண்டு கேட்டு வாங்கினேன். தனி கார்டு இல்லாத செட்டில் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு ஸ்டிக் இருந்தால் இரண்டு பாதை. வீட்டுக்கு வந்து ஒன்றைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்த்தேன், கண்ணுக்கே தெரிகிற அளவு வேகம் விழுந்தது. இன்னொன்று, 3200 வேகத்தில் ஓட வேண்டிய ராம் முதலில் 2400இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்த பிறகே முழு வேகம் வந்தது. இதை யாரும் கடையில் சொல்வதில்லை.

அடுத்த வருடம் ஒருவர் பயன்படுத்திய ஆர்எக்ஸ் 6600 கார்டை 14,000க்கு வாங்கிச் செருகினேன். அதற்கு வேண்டிய 8 பின் கேபிள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஏற்கனவே இருந்தது. வேறு எதையும் மாற்றவில்லை. காசு குறைவாக இருக்கும்போது முதலில் போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சரியாகப் பிடியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கோவையிலிருந்து

அண்ணா, செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றி நான் சொல்கிறேன். கார்டுகளை ஓடவிட்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு பழைய கார்டுகள் விலை இறங்கியது. ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, 7,000 ரூபாய் என்று ஒருவரிடம் வாங்கினேன். வீட்டில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு பகுதிகள்) 2048 என்று காட்டியது. முழு 580இல் 2304 இருக்க வேண்டும். எனக்கு வந்தது பெயரை மட்டும் வைத்துக்கொண்ட குறைந்த ரகம். போதாததற்கு, மைனிங்குக்காகக் கார்டின் பயாஸையும் மாற்றியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் திரை கறுத்துவிடும். சரியான பயாஸைத் தேடி ஏற்றிய பிறகு அந்தத் தொல்லை நின்றது. இரண்டு வருடமாக ஓடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது யாராவது வாங்கப் போனால், விற்கிறவர் வீட்டிலேயே மாட்டச் சொல்லி அரை மணி நேரம் ஆடிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள் என்கிறேன். தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

திருச்சியிலிருந்து

என் மகனுக்காக வாங்கிய செட் இது. பிராசஸர் ஐ5-12400, கார்டு ஜிடிஎக்ஸ் 1650. மூன்று மாதமாக ‘அப்பா, கேம் ஸ்லோவா இருக்கு’ என்றான். படிக்காமல் இருக்கச் சாக்குச் சொல்கிறான் என்று திட்டினேன். ஒருநாள் அவன் நண்பன் வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மானிட்டர் கேபிளைக் கழற்றிக் கீழே இருந்த கார்டில் செருகினான். அதுவரை மதர்போர்டில் இருந்திருக்கிறது. காசு கொடுத்த கார்டு வேலையே செய்யாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. அன்று மாலை மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தம்பி, ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. யுபிஎஸ் தேவையா?

முதலில் எழுதியவர்

கட்டாயம் வையுங்கள் ஐயா. கார்டு உள்ள செட் என்பதால் 600 விஏவை (விஏ என்பது யுபிஎஸ் தாங்கும் அளவு) விட 1000 விஏ பாருங்கள். கரண்ட் போனதும் ஆட்டத்தைத் தொடர அல்ல, சேவ் செய்து ஒழுங்காக அணைக்கத்தான் யுபிஎஸ் தரும் சில நிமிடம். வாங்கும்போது வீட்டு எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். என் பழைய வீட்டில் கேபினட்டைத் தொட்டாலே லேசாக ஷாக் அடிக்கும்.