கறுப்பு கிரானைட் போட்டால் கிச்சன் இருண்டுவிடுமாம். மஞ்சள் கறைக்கு யார் பதில் சொல்வது?

ஈரோடு மங்கை:

கிச்சனைப் புதுப்பிக்கிறவர்களுக்கு என்று இன்டீரியர் தம்பி நேற்று ஒரு பதிவு போட்டிருந்தார். மேடைக்கு வெள்ளை குவார்ட்ஸ், சுவருக்கு வெள்ளை கிளாஸி டைல்ஸ், மேலே 6500 கெல்வின் எல்இடி பேனல், அதாவது நீலம் தட்டுகிற வெள்ளை வெளிச்சம். மூன்றும் ஒரே வெள்ளையில் இருந்தால்தான் பொருத்தமாம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். "கறுப்பு கிரானைட் தொண்ணூறுகளோடு முடிந்த கதை, அதைப் போட்டால் கிச்சனே இருண்டுவிடும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

தினமும் மஞ்சள் தூளைக் கையில் எடுக்கிற வீட்டுக்கு வெள்ளை மேடையைச் சிபாரிசு செய்கிறவர், அதில் விழப்போகிற மஞ்சள் கறையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சாம்பார் பொங்கி வழியும். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் எண்ணெய் வட்டம் விழும். அவர் போட்டிருக்கிற படத்தில் அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை, அப்புறம் கறை எங்கிருந்து வரும்? வெளிச்சம் போதவில்லை என்றால் இன்னொரு விளக்கை மாட்டிக்கொள்ளலாம். கறை ஏறிய கல்லை என்ன செய்வது?

இன்டீரியர் தம்பி:

மேடம், பதிவை முழுக்கப் படித்துவிட்டுப் பேசுங்கள். குவார்ட்ஸ் மேடை தொழிற்சாலையில் செய்வது. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் கல் தூள், மீதி அதை ஒட்டவைக்கிற ரெசின் என்கிற பிளாஸ்டிக் பசை. தண்ணீரை அது உறிஞ்சுவது மிகமிகக் குறைவு, நுண்துளையை அடைக்கிற சீலர் பூச்சு அடிக்கவும் தேவையில்லை. நுண்துளை உள்ளது உங்கள் கிரானைட்தான். கறை என்று சொல்லிக்கொண்டு என் வாடிக்கையாளர் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

ஈரோடு மங்கை:

திரும்பி வந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார்கள். எங்கள் ஊர் மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, மஞ்சளைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். என் நாத்தனார் வீட்டில் வெள்ளை மேடை. மஞ்சள் சிந்திய இடத்தில் சோப்பைப் போட்டதும் அது சிவப்பாகத் திரும்பியது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அது எல்லாருக்கும் தெரியும். சிவப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கியது, மஞ்சள் அப்படியே நின்றது. உங்கள் ரெசின் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

மேலூர் கல்பட்டறை:

அம்மா, தம்பி, இரண்டு பேரும் ஒரு நிமிடம் பொறுங்கள். வெள்ளை மேடை என்றால் எது? மார்பிள் என்றால் புளியும் எலுமிச்சையும் பட்டாலே பாலிஷ் போய்விடும், அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். நானோ வொயிட் என்றால் அது கண்ணாடி வகை, விளிம்பு உடைந்தால் சரிசெய்வது கஷ்டம். காஷ்மீர் வொயிட் என்று விற்பது எங்கள் மதுரைப் பக்கத்துக் கல், சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்கிற தாது, சீலர் அடிக்காவிட்டால் சிங்க் ஓரத்தில் தண்ணீரைக் குடிக்கும். குவார்ட்ஸ் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. உங்கள் நாத்தனார் வீட்டில் இருப்பது எது? அதைச் சொன்னால் பேசலாம்.

ஈரோடு மங்கை:

எதுவாக இருந்தால் என்ன? வெள்ளை வெள்ளைதான், மஞ்சள் மஞ்சள்தான்.

ஓய்வு பெற்ற மின்பொறியாளர்:

எல்லாரும் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கிச்சன் இருட்டாகத் தெரிவதற்கு முக்கியமான காரணம், விளக்கைக் கூரைக்கு நடுவில் மாட்டுவது. மேடை முன்னால் நிற்கிறவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருக்கிறது. அவருடைய நிழல் அவர் நறுக்குகிற வெங்காயத்தின் மேலேயே விழுகிறது. கல் கறுப்போ வெள்ளையோ, நிழல் நிழல்தான். மேல் கபோர்டுக்கு அடியில், முன்பக்க விளிம்பை ஒட்டி எல்இடி ஸ்ட்ரிப் ஓட விடுங்கள். நீலமும் மஞ்சளும் தட்டாத 4000 கெல்வின்; பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவான சிஆர்ஐ 90க்கு மேல். அதற்கான வயரை டைல்ஸ் பதிக்கும் முன்பே சுவரை வெட்டிப் பதித்திருக்க வேண்டும். டைல்ஸ் முடிந்த பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் புது டைல்ஸை உடைக்கச் சொல்வார்.

6500 கெல்வினில் கத்தரிக்காய் வதங்கியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அது சமையல் செய்கிற இடத்துக்கான வெளிச்சமே இல்லை.

இன்டீரியர் தம்பி:

சார், கபோர்டுக்கு அடியில் ஸ்ட்ரிப் நானும் எல்லா வீட்டிலும் போடுகிறேன். ஆனால் பாலிஷ் செய்த கறுப்புக் கல்லின் மேல் அதை எரியவிட்டால் ஒவ்வொரு எல்இடி புள்ளியும் கல்லுக்குள் வரிசையாகத் தெரியும். பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையில் அந்தத் தொல்லை அவ்வளவு கிடையாது.

ஓய்வு பெற்ற மின்பொறியாளர்:

அலுமினியம் ப்ரொஃபைல் என்கிற பள்ளச் சட்டத்தில் வைத்து, மேலே வெளிச்சத்தைப் பரப்புகிற பால் வெள்ளை டிஃப்யூசர் மூடினால் புள்ளி தெரியாது. இதைக்கூடச் செய்யாமல் ஸ்ட்ரிப்பை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் கல்லின் மேல் பழி போடுகிறார்கள். முப்பத்தைந்து வருடம் இந்தத் துறையில் இருந்தவன் சொல்கிறேன். 6500க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஈரோடு மங்கை:

சார் சொன்னதைக் கவனியுங்கள். கறுப்புக் கல்லுக்கு வெளிச்சம் கொடுக்க வழி இருக்கிறது. மஞ்சள் கறைக்கு வழி இருக்கிறதா? நான் முதலில் கேட்டதும் இதைத்தான்.

என் கிச்சனைச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு மேடை, சுவரில் 300க்கு 600 மில்லிமீட்டர் ஐவரி டைல்ஸ், சார் சொன்ன மாதிரி 4000 கெல்வின். முதலில் கல்லை முடிவு செய்தேன். அந்தக் கல்லில் ஒரு துண்டையும் நாலைந்து டைல்ஸையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி என் வீட்டு விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடையில் ஐவரியாகத் தெரிந்த ஒன்று மஞ்சள் தட்டுகிற 3000 கெல்வினில் பழுப்பாக இருந்தது, 6500இல் அழுக்குச் சாம்பல். 4000இல்தான் அது தன் நிறத்தில் நின்றது. பொருத்தம் பார்ப்பது என்றால் இது. மூன்றையும் வெள்ளையாக வாங்கிவிட்டுப் பொருத்தம் என்று சொல்வதற்கு இன்டீரியர் படிப்பு எதற்கு?

தாம்பரம் போர்வெல்:

அக்கா, உங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர். எங்கள் ஏரியாவில் போர்வெல் தண்ணீர். கறுப்பு கிரானைட்டில் சிங்கைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு படிகிறது. தினமும் துணியால் ஒற்றி எடுத்தால்தான் ஆச்சு. மஞ்சள் கறையைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், உப்புக் கறைக்கு என்ன சொல்கிறீர்கள்?

ஈரோடு மங்கை:

உப்புக் கறை எலுமிச்சை மூடியில் போகும். மஞ்சள் எலுமிச்சையில் போகுமா?

மேலூர் கல்பட்டறை:

அம்மா, பொதுவாக அப்படிச் சொல்லாதீர்கள். மலிவாகக் கிடைக்கிற சில கறுப்புக் கல் சாயம் ஏற்றியது. எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் சாம்பலாக வெளுக்கும். வாங்கும் முன் நெயில் பாலிஷ் எடுக்கிற அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் அந்தக் கல் வேண்டாம்.

ஈரோடு மங்கை:

என்னுடையது சாயம் ஏற்றியது இல்லை.

மேலூர் கல்பட்டறை:

உங்களுடையதைச் சொல்லவில்லை அம்மா. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

சிட்னிவாசி:

குவார்ட்ஸ் நல்லதா கெட்டதா என்று இங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லை விற்கவும் வெட்டவும் பொருத்தவும் தடை. வெட்டும்போது பறக்கிற சிலிக்கா தூசியால் இளம் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. நுரையீரல் நோய், குணப்படுத்த முடியாதது. இங்கே தடை செய்ததை அங்கே புது ஃபேஷன் என்று விற்கிறார்கள்.

இன்டீரியர் தம்பி:

ஆரம்பித்துவிட்டார்கள் வெளிநாட்டு அறிவுரை. தூசி வெட்டுகிற இடத்தில் வருவது. வீட்டில் பதித்து முடித்த மேடையால் சமைக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. இந்த விவாதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மேலூர் கல்பட்டறை:

சம்பந்தம் இல்லையா? வெட்டுகிறவன் யார் தம்பி? உங்கள் டிசைனுக்கு அடுப்பு ஓட்டையும் சிங்க் ஓட்டையும் வெட்டித் தருகிற பையன்தானே? வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே, தண்ணீர் விடாமல், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெட்டச் சொல்கிறீர்கள். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் குவார்ட்ஸில் இருப்பது அதைவிட ரொம்ப அதிகம். என் பட்டறையில் தண்ணீர் விடாமல் மெஷின் ஓடாது. எந்தக் கல்லானாலும் அளவை எழுதிக் கொடுங்கள், பட்டறையில் வெட்டி அனுப்புகிறோம். அதற்கு நேரம் இல்லை என்று அவசரப்படுத்துவது இன்டீரியர்காரர்கள்தான்.

இன்டீரியர் தம்பி:

எல்லாரையும் ஒரே மாதிரி பேசாதீர்கள். போன மாதம் கடப்பா கல் அலமாரி விவாதத்திலும் இப்படித்தான் என் தொழிலைப் பிடித்து இழுத்தீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். குவார்ட்ஸ் வந்ததும் உங்கள் வியாபாரம் குறைந்தது, அந்த வயிற்றெரிச்சல்.

சிட்னிவாசி:

தொழிலாளி உயிரைப் பற்றிப் பேசினால் வயிற்றெரிச்சலா? நல்ல பண்பு.

தாம்பரம் போர்வெல்:

மஞ்சளைப் பற்றி ஒன்று. வெயில் பட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும். வேட்டியில் பட்ட கறையை அப்படித்தானே எடுக்கிறோம்? ஜன்னல் ஓரத்து மேடை என்றால் கவலையே இல்லை.

ஈரோடு மங்கை:

வேட்டியைக் கொடியில் காயப்போடலாம். மேடையைப் பெயர்த்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா? எல்லார் வீட்டிலும் ஜன்னல் அடுப்புக்கு நேராகவா இருக்கிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். கொதிக்கிற குழம்புச் சட்டியை இறக்கி அப்படியே என் கிரானைட்டில் வைக்கிறேன். குவார்ட்ஸில் வைத்தால் ரெசின் பொசுங்கித் தழும்பு விழும் என்று அதை விற்கிற கம்பெனிகளே அடியில் ஏதாவது வைக்கச் சொல்கின்றன. கறையும் தாங்காது, சூடும் தாங்காது.

இன்டீரியர் தம்பி:

பிரிமனை என்ற ஒன்றை உங்கள் வீட்டில் பார்த்ததே இல்லையா மேடம்? எந்தக் கல்லானாலும் சூடான பாத்திரத்துக்கு அடியில் அதை வைப்பதுதான் முறை. இப்போது நான் கேட்கிறேன். உங்கள் கறுப்பு மேடையில் எண்ணெயும் மஞ்சளும் சிந்துவதே இல்லையா? சிந்துகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வெள்ளையில் அழுக்கு தெரியும், உடனே துடைப்போம். சுத்தமான கிச்சன் எது?

ஈரோடு மங்கை:

என் கிச்சன் அழுக்கு என்கிறீர்களா? காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கழுவித் துடைக்கிற மேடை. என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். என் வீட்டுக்கு ஒரு நாள் வந்து காபி குடித்துவிட்டு அப்புறம் பேசுங்கள் தம்பி. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, வீட்டுப் பெண்களின் சுத்தத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

இன்டீரியர் தம்பி:

நான் அப்படிச் சொல்லவில்லை. திரிக்காதீர்கள்.

ஈரோடு மங்கை:

சொன்னது மேலேயே இருக்கிறது, எல்லாரும் படிக்கிறார்கள். சரி, ஒன்று செய்யுங்கள். உங்கள் கடையில் வைத்திருக்கிற வெள்ளை மாதிரித் துண்டில் மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குழைத்துத் தடவி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் மட்டும் கழுவிப் படம் போடுங்கள். ப்ளீச் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது.

இன்டீரியர் தம்பி:

போடுகிறேன். நீங்களும் உங்கள் கறுப்புக் கல்லில் அதையே செய்து, பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சைப் படம் எடுத்துப் போடுங்கள்.

ஈரோடு மங்கை:

நான் ஏன் போட வேண்டும்? கறை படாது என்று சொன்னவர் நீங்கள். நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

மேலூர் கல்பட்டறை:

மாதிரித் துண்டு குவார்ட்ஸா நானோ வொயிட்டா என்று படத்தோடு எழுதுங்கள் தம்பி.

ஓய்வு பெற்ற மின்பொறியாளர்:

படத்தை எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறீர்கள்? 6500இல் எடுத்தால் மஞ்சள் மங்கலாகத்தான் தெரியும். 4000, சிஆர்ஐ 90. இல்லாவிட்டால் அந்தப் படத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.