பறிமுதலான போன்: கோர்ட்டுக்கு ரிப்போர்ட்டே போகவில்லை (சேலம்)

வணக்கம். சேலம் டவுனில் ஆர்ப்பாட்டத்தை வீடியோ எடுத்த தம்பியின் ரெட்மி நோட் 12 போனைப் போன மாதம் போலீஸ் பறித்தது. எஃப்ஐஆரில் அவன் பெயர் இல்லை. மகஜர் (பறிமுதல் விவரம் எழுதிய பட்டியல்) நகல் தரவில்லை. பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ஆம் பிரிவு சொல்லும் பறிமுதல் வீடியோ பதிவும் இல்லை. போனைத் திறக்கும் லாக் நம்பர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனம் 20(3)-ஐக் காட்டி, நம்பரைக் கொடுக்கவில்லை.

கமிஷனர் ஆபீசில் பதிவுத் தபாலில் புகார் கொடுத்தாச்சு, பதில் இல்லை. போனைத் திரும்பக் கேட்டு அதே பிஎன்எஸ்எஸ் 503-இல் போட்ட மனுவை, பறிமுதல் ரிப்போர்ட் வரவில்லை என்று மாஜிஸ்திரேட் கோர்ட் ரிட்டர்ன் செய்துவிட்டது. உடனே ரிப்போர்ட் அனுப்ப வேண்டியது 106(3)-படி போலீஸின் கடமை, அனுப்பாததற்கு நாம் அலைகிறோம்!

ரிப்போர்ட்டை வரவழைக்கச் சொல்லி அதே கோர்ட்டில் மறுபடி போடுவதா, நேராகச் சென்னை ஹைகோர்ட்டில் 528-இல் (ஹைகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம்) போவதா?