2ஜேஇசட் டிராக் என்ஜின்: பிக் எண்ட் பேரிங் எதைப் போடுவது?

கிள்ளான்_பூஸ்ட்
வணக்கம். டொயோட்டா 2ஜேஇசட்-ஜிடிஇ என்ஜினைக் கால் மைல் டிராக் பந்தயத்துக்காகக் கட்டியிருக்கிறோம். ஃபோர்ஜ்டு பிஸ்டன், எச்-பீம் ராடு, ஒற்றைப் பெரிய டர்போ, எத்தனால் கலந்த இ85 எரிபொருள். கிராங்க் மட்டும் டொயோட்டாவின் அசல். திறன் அளக்கும் டைனோவில் 900 குதிரைத்திறன் காட்டியது. 8,200 ஆர்பிஎம் வரை சுற்றுகிறோம். சென்ற ஓட்டத்துக்குப் பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் மடிப்புக்குள் உலோக மினுமினுப்பு. உடனே என்ஜினை இறக்கிவிட்டோம். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்குகள் நன்றாக இருக்கின்றன. பிக் எண்ட் ஷெல்களை, அதாவது ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள அரைவட்டப் பேரிங்குகளைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அவை அலுமினியக் கலவை ஷெல்கள். இப்போது ஒருவர் ஏசிஎல் என்கிறார், ஒருவர் கிங், இன்னொருவர் கிளெவைட். பூச்சு உள்ளதா, இல்லாததா என்று வேறு ஒரு சண்டை. எதை வாங்கலாம்?

நைட்_ரன்
ஏசிஎல் ரேஸ் சீரிஸ் வாங்கிப் போடுங்கள். கதை முடிந்தது.

கோவை_லேத்
தம்பி, எந்தக் கம்பெனி என்பதைக் கடைசியில் பார்ப்போம். பழைய ஷெல்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? தேய்ந்தது மேல் ஷெல்லா, கீழ் ஷெல்லா? நடுவிலா, ஓரத்திலா, இரண்டு ஷெல்லும் சேரும் இடத்திலா? கிளியரன்ஸ் (ஷெல்லுக்கும் கிராங்குக்கும் நடுவிலான இடைவெளி) எவ்வளவு வைத்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள்? என்ன ஆயில்? இவற்றைச் சொல்லாமல் பேரிங் கேட்பது வீண்.

கிள்ளான்_பூஸ்ட்
எல்லாம் வரிசை எண் எழுதிப் பத்திரமாக இருக்கின்றன, அண்ணா. ஆறு ராடுகளிலும் இரண்டு ஷெல் சேருமிடத்தை ஒட்டி, இருபுறமும் விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களில் மட்டும் மேல் ஷெல்லின் நடுப்பகுதி வறண்ட ஏரித்தரைபோல மெல்லிதாக வெடித்து, ஓரிடத்தில் செதில் பெயர்ந்திருக்கிறது. கீழ் ஷெல்களின் நடுப்பகுதி சுத்தம். பிளாஸ்டிகேஜ் (நசுக்கி இடைவெளி அளக்கும் பிளாஸ்டிக் இழை) வைத்துப் பார்த்தோம், ஏறக்குறைய 45 மைக்ரான். ஆயில் 10டபிள்யூ-30.

கோவை_லேத்
உங்களுக்கு இருப்பது இரண்டு நோய்கள்.

முதலாவது, சேருமிடத் தேய்மானம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை இழுத்துப் பிடித்து நிறுத்துவது ராடு. ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் அந்த இழுவை நான்கு மடங்காகும். அப்போது ராடின் பெரிய கண் மேலும் கீழுமாக நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்குகிறது. ஒடுங்கும் இடம்தான் ஷெல்கள் சேரும் இடம். அங்கே ஆயில் படலம் அறுந்து உலோகம் உரசுகிறது. இதற்காகவே பந்தய ஷெல்களை நடுவில் தடிப்பாகவும், சேருமிடம் நோக்கி மெலிந்தும் செய்கிறார்கள். சாலை வண்டி ஷெல்லில் அந்த மெலிவு குறைவு. அதனால்தான் கிளியரன்ஸை எப்போதும் சேருமிடத்துக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். மைக்ரோமீட்டரும், உள்விட்டம் அளக்கும் போர் கேஜும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பிளாஸ்டிகேஜ் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மேல் ஷெல் வெடிப்பு. எரிப்பின் அடி நேராக இறங்குவது அங்கேதான். ஆறிலும் இருந்தால் ஷெல்லின் வலு போதவில்லை என்று விட்டுவிடலாம். இரண்டில் மட்டும் என்றால் அங்கே நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) நடக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கவனியுங்கள், அந்த இரண்டு இன்ஜெக்டர்களையும் சோதியுங்கள். நாக்கிங்கை விட்டுவைத்தால் எந்த ஷெல்லும் தாங்காது.

ஷெல் வகையில் எனக்குச் சந்தேகமே இல்லை: மூன்று உலோக ஷெல். எஃகு முதுகு, அதன்மேல் செம்பு-ஈயம், மேலே மெல்லிய மென்படலம். அலுமினியம் நெடுநாள் உழைக்கும், ஆனால் இந்த அடிக்கு ஆகாது. நீங்கள் சொன்ன மூன்று கம்பெனிகளிலும் இவ்வகை உண்டு. பூச்சு இருந்தால், ஆயில் ஏறாத முதல் சில நொடிகளில் காப்பாற்றும். தாங்கும் சுமையைக் கூட்டாது. போர் கேஜ் முனை பூச்சைக் கீறிவிடும், பார்த்து அளக்கவும்.

கிள்ளான்_பூஸ்ட்
மூன்று உலோக ஷெல்லில் ஸ்டாண்டர்ட் அளவு வாங்கி, ராடு போல்ட்டை முழு இறுக்கத்தில் வைத்து அளந்தோம். ஐந்து ராடுகளில் 46 மைக்ரான். ஐந்தாம் எண்ணில் மட்டும் 52. அந்த ஜர்னல் (ராடு மாட்டும் கிராங்க் பகுதி) 6 மைக்ரான் மெலிந்திருக்கிறது, ராடின் கண் சரியாகவே இருக்கிறது. எவ்வளவு வைக்கலாம்?

கோவை_லேத்
ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 2ஜேஇசட்டின் பிக் எண்ட் ஜர்னல் 52 மி.மீ., ஆகவே 52 மைக்ரான். பந்தய என்ஜினுக்கு இன்னும் 13 சேர்த்தால் 65. எக்ஸ் குறியுள்ள ஷெல் வாங்குங்கள். ஒவ்வொரு பாதியும் 12.7 மைக்ரான் மெலிது. ஒரு பாதி மட்டும் எக்ஸ் போட்டால் 59, இரண்டும் போட்டால் 71.

டீசல்_தாத்தா
நான் 59-இல் நிற்பேன். அசல் ஆயில் பம்பா வைத்திருக்கிறீர்கள்? கிளியரன்ஸ் கூடினால் ஆயில் கசிவும் கூடும். சூடான ஐடிலில் பிரஷர் படுத்துவிடும்.

கோவை_லேத்
சாலையிலும் ஓடும் வண்டியாக இருந்தால் நானும் 59 தான் சொல்வேன், ஐயா. இது ஓடுவது கால் மைல்தான். போதாக்குறைக்கு இ85 ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. 71 வைத்து, 15டபிள்யூ-50 ஊற்றி, ஒவ்வொரு ஆயிரம் ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ வருகிறதா என்று பார்க்கட்டும். 8,200-இல் 82-க்குக் கீழே நின்றால் பம்பைக் கவனிக்க வேண்டும். ஐடில் பிரஷருக்காக உச்சி வேகத்தில் ஷெல்லைப் பலி கொடுக்கக் கூடாது.

டீசல்_தாத்தா
15டபிள்யூ-50 என்றால் என் ஆட்சேபம் பாதி குறைகிறது. ஆயிலைச் சூடேற்றாமல் ரெவ் ஏற்றாதீர்கள். இ85 ஓட்டுவதால் அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

கிள்ளான்_பூஸ்ட்
வண்டி டிரெய்லரில்தான் போய் வருகிறது, அதனால் 71. மூன்றாவது இன்ஜெக்டர் குறைவாகத் தெளிப்பது சோதனையில் தெரிந்தது. நான்காவதையும் சேர்த்து இரண்டையும் மாற்றுகிறோம். ஐந்தாம் ராடில் ஒரு பாதி மட்டும் எக்ஸ் போட்டால் சரியாக 65 வருகிறது. எக்ஸ் ஷெல் மேலேயா, கீழேயா?

கோவை_லேத்
பிக் எண்டில் தடித்த ஷெல் மேலே, ராடு பக்கம். எனவே எக்ஸ் கீழே, கேப் பக்கம் போகும். மெயினில் இது தலைகீழ், தடித்தது கீழே. இப்படிக் கலக்கும்போது இரண்டு பாதிகளுக்கும் தடிப்பில் 13 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் கூடாது. மாட்டும் முன் ஷெல்லின் முதுகிலும் ராடின் கண்ணிலும் ஆயில் தடவாதீர்கள், உலர்வாகத் துடைத்து வையுங்கள். உட்புறத்தில் மட்டும் அசெம்பிளி லூப் (மாட்டும்போது தடவும் மசகு).